ஃபிசிக்ஸ்ல எந்த கிளாஸ் எடுக்கறதுன்னு கேக்குற பிள்ளைகளுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடிக்காரி, 32 வருஷம் மேல்நிலைப் பள்ளியில ஃபிசிக்ஸ் எடுத்துட்டு ரிட்டையர் ஆனவ. போன வாரம் உங்க பேப்பர்ல ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க என்னென்ன படிக்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, பத்திரமா மடிச்சு வச்சிருக்கேன். ஆனா காலேஜ்ல சேர்ந்த முதல் மாசமே பிள்ளைங்க தடுக்கி விழுற ஒரு இடம் இருக்கு, அதைப் பத்தி அதுல ஒரு வரி கூட இல்லை. அதைத்தான் எழுதலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

அமெரிக்காவுல காலேஜ்ல சேர்ற பிள்ளைக்கு முதல் ஃபிசிக்ஸ் பாடம் ரெண்டு விதமா வச்சிருக்காங்க. ஒண்ணு அல்ஜிப்ராவும் ட்ரிக்னாமெட்ரியும் மட்டும் வச்சு நடத்துறது, சுருக்கமா ட்ரிக் ஃபிசிக்ஸ்னு சொல்றேன், இன்னொண்ணு கால்குலஸ், அதாவது வகையிடறது தொகையிடறதுன்னு வர்ற நுண்கணிதம், அதை வச்சு நடத்துறது. ரெண்டும் பெரும்பாலும் ரெண்டு செமஸ்டர், ரெண்டுலயும் லேப் உண்டு, விசை, ஆற்றல், மின்சாரம், காந்தம், ஒளின்னு பாடத் தலைப்பும் ஏறக்குறைய ஒண்ணேதான். எது வேணும்னு, பாடம் தேர்ந்தெடுக்க வழி சொல்ற அட்வைசர் கேட்பாரு, பிள்ளைக்கு தெரியாது, வீட்டுக்கு போன் போடும், அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும், அதாவது அப்பா அம்மாவுக்கும், தெரியாது, கடைசில ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் வரும், "டீச்சர் ஆச்சி, எதை எடுக்க சொல்றீக?"ன்னு. நம்ம பக்கம்தான் தெருவுக்கு நாலு பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கே. அந்தக் காலத்துல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விக்கப் போனாக, இப்ப டெக்ஸாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் படிக்கப் போறாக. தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர்னு எல்லா ஊர்லேருந்தும் இந்தக் கேள்வி என்கிட்ட வந்திருக்கு. அதனால ஒருத்தரா ரெண்டு பேரான்னு இல்லாம எல்லாருக்குமா சேத்து இங்க எழுதிடறேன்.

முதல்ல என் வீட்டுக் கதை. என் மக வயித்துப் பேரன் அங்கதான் பொறந்து வளந்தவன். டாக்டராகணும்னு சொல்லிக்கிட்டே காலேஜ்ல சேர்ந்தான். ஃபிசிக்ஸ் எடுக்க வேண்டிய நேரம் வந்தப்ப அங்க இருந்த அட்வைசர், "எதை எடுத்தாலும் ஃபிசிக்ஸ் ஃபிசிக்ஸ்தான், ஈஸியானதை எடு, மார்க் நல்லா வரும்"னு சொல்லிட்டாரு. கூட்டாளிகளும் அதேதான் சொன்னாங்க. ட்ரிக் கிளாஸை எடுத்தான், நல்லா படிச்சான், நல்ல கிரேடும் வாங்கினான், அதுல குறையே இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரியில வாலண்டியரா போன இடத்துல, செயற்கைக் கால் செய்யறவங்களைப் பாத்துட்டு வந்து, எனக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் வேணும் ஆயான்னு போன் பண்ணி சொன்னான். அவன் குரல்ல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லை. மேஜர், அதாவது முக்கியப் பாடம், மாத்தப் போனா, நீ எடுத்த ரெண்டு செமஸ்டர் ஃபிசிக்ஸும் இன்ஜினியரிங்குக்கு ஆகாது, கால்குலஸ் ஃபிசிக்ஸை மறுபடி முதல்லேருந்து எடுக்கணும், அதை முடிச்சாத்தான் அடுத்து ஸ்டாட்டிக்ஸ், அதுக்கு அப்புறம்தான் சர்க்யூட்னு வரிசையா ஒண்ணுக்கு ஒண்ணு பூட்டு போட்டு வச்சிருக்காங்கன்னு தெரிய வந்துச்சு. ஒரு வருஷம் போச்சு, ஒரு வருஷ ஃபீஸும் போச்சு. படிச்சது வீணாப் போகலைன்னு நான் எவ்வளவோ சொன்னேன், ஆனா ஒரே பாடத்தை ரெண்டு தடவை உக்காந்து படிக்கறப்ப பிள்ளைக்கு இருக்குற வலி பிள்ளைக்குத்தான் தெரியும். அந்த அட்வைசர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், உன் மனசு மாற வாய்ப்பு இருக்கா தம்பின்னு.

இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு பாத்துட்டேன். தேவகோட்டைப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, என்கிட்ட ட்யூஷன் படிச்சது, அங்க பிசியோதெரபி லைன்ல போகணும்னு தெளிவா இருந்துச்சு. அந்தப் படிப்புக்கு ட்ரிக் ஃபிசிக்ஸே தாராளம். ஆனா வீட்ல விடலை, சொந்தக்காரப் பையன் கால்குலஸ் ஃபிசிக்ஸ் எடுத்திருக்கான், நம்ம பிள்ளை மட்டும் என்ன கீழ்க் கிளாஸ் எடுக்கறதுன்னு கௌரவம் பாத்தாக. இந்தப் பொண்ணு ப்ளஸ் டூல கணக்கே எடுக்கலை. அங்க போயி கால்குலஸும் கால்குலஸ் ஃபிசிக்ஸும் ஒரே செமஸ்டர்ல எடுத்து, அஞ்சாவது வாரமே அழுதுக்கிட்டு போன் பண்ணி, கடைசில பாதியில விட்டுருச்சு. அந்தப் புள்ளை முட்டாள் இல்லைங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு அடித்தளம் போட்டிருந்தா தாண்டியிருக்கும்.

ஆக ஒரு பிள்ளை ஈஸின்னு சொன்னதைக் கேட்டு தப்பான வாசல்ல நுழைஞ்சான், இன்னொண்ணு கௌரவத்துக்காக நுழைஞ்சுச்சு. எங்க போகப் போறோம்னும், இன்னைய தேதிக்கு நம்ம கணக்கு எதுவரைக்கும் வந்திருக்குன்னும் ரெண்டு வீட்லயும் யாரும் பாக்கலை. நான் சொல்ல வர்றது மொத்தமும் அதுதான்.

சரி, ரெண்டு கிளாஸுக்கும் உள்ள வித்தியாசம் நிஜத்துல என்ன? நான் பிள்ளைகளுக்கு எப்பவும் நம்ம ஊருணியை வச்சுத்தான் சொல்லுவேன். ஊருணிக்கு செங்குத்தா ஒரு சுவர் இருக்கு, தண்ணி 3 மீட்டர் ஆழம். மேல் மட்டத்துல தண்ணியோட அழுத்தம் ஒண்ணுமில்லை, அடியில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 29,400 நியூட்டன். நடுவுல சீரா ஏறிக்கிட்டே போகுது. ட்ரிக் கிளாஸ்ல, சீரா ஏறுறதால சராசரி எடுத்துக்கோ, 14,700, சுவர்ல ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 சதுர மீட்டர் பரப்பு, பெருக்கு, 44,100 நியூட்டன், அதாவது நாலரை டன் எடை சுவரைத் தள்ளுதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. கால்குலஸ் கிளாஸ்ல அதே சுவரை மெல்லிசு மெல்லிசா படுக்கைவாட்டுல கீத்து போட்டு, ஒவ்வொரு கீத்துக்கும் அழுத்தம் பார்த்து, எல்லாத்தையும் தொகையிட்டு, அதாவது இன்டகிரேஷன் பண்ணி, சொல்லுவாங்க. அதுலயும் 44,100தான் வரும். இதுவரைக்கும் ரெண்டு பிள்ளையும் சமம்.

இப்ப மடையில ஒரு முக்கோணப் பலகை வச்சிருக்குன்னு வச்சுக்குங்க, மேல அகலம் 2 மீட்டர், கீழ போகப் போக குறைஞ்சு 3 மீட்டர் ஆழத்துல கூரா முடியுது. பரப்பு அதே 3 சதுர மீட்டர்தான். சராசரி அழுத்தத்தால பெருக்குனா மறுபடி 44,100 வரும், ஆனா அது தப்பு. ஏன்னா பலகை அகலமா இருக்குற மேல் பக்கத்துல அழுத்தம் கம்மி, அழுத்தம் கூடின அடிப்பக்கத்துல பலகையே இல்லை. சரியான விடை 29,400தான். ட்ரிக் கிளாஸ்ல படிச்ச பிள்ளைக்கு, முக்கோணத்தோட மையம் மேல் விளிம்புலேருந்து மூணுல ஒரு பங்கு கீழ இருக்கும், அந்த ஆழத்து அழுத்தத்தை எடுத்துக்கோன்னு ஒரு விதியை கையில குடுத்துருவாங்க, 1 மீட்டர் ஆழத்துல 9,800, பெருக்கு 3, அதுக்கும் சரியா வந்துரும். ஆனா அந்த விதி எங்கேருந்து வந்துச்சு, பலகை வேற வடிவத்துல இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, கால்குலஸ் பிள்ளை உக்காந்து போட்டுருவான், மத்த பிள்ளை புத்தகத்துல வேற விதி இருக்கான்னு தேடணும். பலகையை வடிவமைக்கப் போறவனுக்கு கால்குலஸ் வகை வேணும். பலகைக்குப் பக்கத்துல நின்னு வைத்தியமோ செடியோ மருந்தோ பாக்கப் போறவங்களுக்கு ட்ரிக் வகை போதும், அதுல ஒரு கேவலமும் இல்லை. நியூட்டனே 1687ல எழுதுன பெரிய நூல்ல முக்கால்வாசி விஷயத்தை கோடும் வட்டமும் முக்கோணமும் வச்சுத்தான் நிரூபிச்சிருக்காரு. வடிவியல் வச்சு படிச்சா ஃபிசிக்ஸ் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. ட்ரிக் ஃபிசிக்ஸ்னு பேரு வச்சதால, கால்குலஸ் ஃபிசிக்ஸுக்கு ட்ரிக் வேணாம்னு பல பிள்ளைங்க நினைச்சுக்கறாங்க. தப்பு. ரெண்டுக்கும் சைன் காஸ் தண்ணிபட்ட பாடா இருக்கணும். ஒரு பந்தை எந்தக் கோணத்துல எறிஞ்சா ரொம்ப தூரம் போகும்? ட்ரிக் கிளாஸ்ல சைன் டூ தீட்டாவுக்கு அதிகபட்சம் 1, அது 45 டிகிரில வரும்னு முடிச்சுருவாங்க. கால்குலஸ் கிளாஸ்ல வகையிட்டு, அதாவது மாறுற வீதத்தைக் கண்டுபிடிச்சு, அதை சைபருக்கு சமப்படுத்தி அதே 45க்கு வருவாங்க, ஆனா அந்த சைன் டூ தீட்டாவுக்கு வந்து சேர ரெண்டு பேருக்கும் ட்ரிக் வேணும். 32 வருஷத்துல நான் திருத்துன பேப்பர்ல ரொம்ப மார்க் போன இடம் எதுன்னு கேட்டா கால்குலஸே இல்லைங்க, சாய்தளத்துல எம்ஜி சைன் தீட்டாவா எம்ஜி காஸ் தீட்டாவான்னு மாத்திப் போடறதுதான்.

கால்குலஸ்னாலே பயப்படுற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லணும், இது என் அப்பச்சிகிட்ட நான் கத்துக்கிட்டது. அவுக வட்டிக்கடை கணக்கு பாத்தவுக, காலேஜ் வாசல் மிதிக்காதவுக. பட்டாலையில சம்மணம் போட்டு சாய்ப்பெட்டியில பேரேட்டை விரிச்சு வச்சு எழுதுவாக. ஒருத்தர் கணக்குல 1,000 ரூபாய் 10 நாள் நின்னுச்சு, அப்புறம் இன்னும் 500 வாங்குனாரு, 1,500 ரூபாய் 20 நாள் நின்னுச்சு, அப்புறம் 700 திருப்பிக் குடுத்தாரு, 800 ரூபாய் 15 நாள் நின்னுச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வட்டி போட மாட்டாக. தொகையை நாளால பெருக்கி, 10,000, 30,000, 12,000ன்னு ஓரத்துல எழுதி, கூட்டி 52,000ன்னு வச்சு, அதுக்கு ஒரே ஒரு தடவை ஒரு நாள் வட்டி போடுவாக. வருஷத்துக்கு நூத்துக்கு 12 வட்டின்னா 17 ரூபா 10 காசு கிட்ட வரும். நான் காலேஜ்ல இன்டகிரேஷன் படிச்சப்ப, வளைகோட்டுக்கு அடியில இருக்குற பரப்புன்னு போர்டுல படம் போட்டு விட்டுட்டாங்க, எனக்கு ஒண்ணும் ஏறலை. லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப அந்தப் பேரேட்டைப் பாத்தேன். மேல தொகை, அடியில நாள், பெருக்கிக் கூட்டுனது பரப்பு! நாளுக்கு நாள் இல்லாம நொடிக்கு நொடி தொகை மாறிக்கிட்டே இருந்தா அப்பச்சி என்ன பண்ணுவாகன்னு யோசிச்சேன், அதான் இன்டகிரேஷன். அன்னைக்கு எனக்கு புரிஞ்ச மாதிரி அதுக்கு முன்னாடி எதுவும் புரிஞ்சதில்லை. அப்பச்சிகிட்ட ஓடிப் போயி சொன்னேன், அவுக கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதுக்கா ஆத்தா ஃபீஸ் கட்டுனேன்"னு சிரிச்சாக.

இன்னைக்கு பிள்ளைங்க கையில இருக்குற போன்லயும் அதே கணக்குதான். பேட்டரியில 5,000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி)னு போட்டிருக்கே, அது மின்னோட்டத்தை நேரத்தால பெருக்கிக் கூட்டுன தொகை, பாட்டு கேக்கறப்ப ஒரு அளவு ஓடுது, வீடியோ பாக்கறப்ப வேற அளவு ஓடுது, எல்லாத்தையும் நேரத்தோட சேத்துத் தொகையிட்டாத்தான் எவ்வளவு போச்சுன்னு தெரியும். நம்ம ஊர்லயே சிக்ரி இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953ல திறந்த நிறுவனம், பேட்டரி ஆராய்ச்சி பண்ற இடம். அந்த மதில் சுவரை ஒட்டி சைக்கிள்ல தினம் ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க கால்குலஸ்னா ஏதோ வேத்து கிரகத்து விஷயம்னு நினைக்குறப்ப எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

சரி, யாரு எதை எடுக்கறது? இன்ஜினியரிங்கு, ஃபிசிக்ஸ், வானியல், இதுக்கெல்லாம் கால்குலஸ் ஃபிசிக்ஸ்தான், அங்க தேர்வே கிடையாது. கெமிஸ்ட்ரி மேஜருக்கும் பெரும்பாலான இடங்கள்ல அதைத்தான் கேக்குறாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் காலேஜுக்கு காலேஜ் மாறும், இன்ஜினியரிங் பிரிவுக்குள்ள இருந்தா பெரும்பாலும் கால்குலஸ் கேப்பாங்க. டாக்டர் படிப்புக்குப் போறவங்க பயப்பட வேணாம், அங்க எழுதுற எம்கேட் பரீட்சைக்கு கால்குலஸ் தேவையே இல்லை, ட்ரிக் ஃபிசிக்ஸை பெரும்பாலான மெடிக்கல் காலேஜும் ஏத்துக்குது. பயாலஜி, பார்மசி, பிசியோதெரபி, இதுக்கும் அதே கிளாஸ் பெரும்பாலும் போதும். ஆனா எந்தக் காலேஜா இருந்தாலும் அவங்க கேட்லாக்ல, அதாவது பாடப் பட்டியல்ல, அந்த மேஜருக்குக் கீழ எந்தப் பாட எண் போட்டிருக்குன்னு நம்ம பிள்ளையே கண்ணால பாக்கணும். கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறப் போற பிள்ளைங்க, போய்ச் சேரப் போற இடத்தோட கேட்லாக்கைப் பாக்கணும், இப்ப இருக்குற இடத்தோடத மட்டும் பாத்தா போதாது.

இன்னும் மனசு உறுதியாகலை, டாக்டரா இன்ஜினியரான்னு ஊசலாடுற பிள்ளைன்னா, கணக்கு ஓரளவு வருதுன்னா, கால்குலஸ் ஃபிசிக்ஸையே எடுக்கச் சொல்லுங்க. ட்ரிக் ஃபிசிக்ஸ் கேக்குற இடத்துல கால்குலஸ் ஃபிசிக்ஸைக் காட்டுனா பொதுவா ஏத்துக்குவாங்க, ஆனா கால்குலஸ் ஃபிசிக்ஸ் கேக்குற இடத்துல ட்ரிக் செல்லாது. என் பேரனுக்கு நடந்ததே அதுதானே.

எடுக்கறதுதான் எடுக்கறோம், எப்ப எடுக்கறதுன்னும் பாக்கணும், இதை யாருமே சொல்றதில்லை. கால்குலஸ் ஒண்ணையும் ஃபிசிக்ஸ் ஒண்ணையும் ஒரே செமஸ்டர்ல எடுக்கலாம்னு பல காலேஜ்ல விதி அனுமதிக்குது. ஆனா என்ன ஆகும்னா, ஃபிசிக்ஸ் வாத்தியார் ரெண்டாவது மூணாவது வாரமே திசைவேகம்னா இடப்பெயர்ச்சியோட வகைக்கெழுன்னு சொல்லிட்டு போயிருவாரு, கணக்கு வாத்தியார் அப்பத்தான் லிமிட் நடத்திக்கிட்டு இருப்பாரு. செமஸ்டர் நடுவுல வேலை ஆற்றல்னு வந்து தொகையிடச் சொல்லுவாங்க, கணக்கு கிளாஸ்ல இன்டகிரேஷன் கடைசி வாரங்கள்லதான் வரும். பிள்ளை மூச்சு வாங்கும். அதனால முடிஞ்சா கால்குலஸ் ஒண்ணை முதல் செமஸ்டர்ல முடிச்சுட்டு ஃபிசிக்ஸை அடுத்த செமஸ்டர்ல எடுக்கறது நல்லது. முடியலைன்னா அதுக்கு முன்னாடி லீவுல வகையிடலும் தொகையிடலும் அடிப்படை மட்டுமாவது கையால போட்டுப் பழகிட்டுப் போகணும். வீடியோ பாத்தா மட்டும் பத்தாது. அடுப்பு பக்கமே போகாம புத்தகத்தைப் படிச்சு பணியாரம் சுட முடியுமா?

தேர்வு பண்ண ஒரு வழி சொல்றேன், செலவே இல்லை. ரைஸ் யுனிவர்சிட்டிக்காரங்க ஓபன்ஸ்டாக்ஸ்னு இலவசமா பாடப் புத்தகம் போடுறாங்க, போன்லயே படிக்கலாம். அதுல ட்ரிக் வகைக்கு காலேஜ் ஃபிசிக்ஸ்னும் கால்குலஸ் வகைக்கு யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்னும் பேரு. இந்தப் பேரைப் பாத்துட்டு, நாம காலேஜ்ல சேர்றோம் அதனால காலேஜ் ஃபிசிக்ஸ்தான்னு ஒரு அப்பச்சி என்கிட்டயே வாதாடுனாக, பேருக்கும் சேர்ற இடத்துக்கும் சம்பந்தம் இல்லைங்க. ரெண்டுலயும் வேலை, ஆற்றல் பாடத்தைத் திறந்து பக்கத்துல பக்கத்துல வச்சு பிள்ளையை உக்கார வச்சு ஒரு சாயங்காலம் படிக்கச் சொல்லுங்க. எந்த வரியில நிக்குதுன்னு பாருங்க. ஃபிசிக்ஸ் புரியாம நிக்குதா, இல்லை அந்த எஸ் மாதிரி வளைஞ்ச தொகையிடல் குறியைப் பாத்து நிக்குதா? குறியைப் பாத்து நின்னா ரெண்டு மாசத்துல சரி பண்ணிறலாம். வெக்டார், விசைப்படம், சைன் காஸ் இதுலயே நின்னா, எந்த கிளாஸ் எடுத்தாலும் அதைத்தான் முதல்ல பாக்கணும்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ஆத்தாமையே இங்கதான். அமெரிக்காவுல பிள்ளைகளைக் கேட்டாவது ரெண்டு வகையா பிரிக்கிறாங்க. இங்க ப்ளஸ் ஒன்ல கணக்கு எடுத்த பிள்ளைக்கும், கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கும் ஒரே ஃபிசிக்ஸ் புத்தகம். 2018-19ல வந்த புது புத்தகத்துல ரெண்டாவது பாடம் இயக்கவியல், அதுலயே வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் சில பக்கத்துல சொல்லிட்டு ஓடுது. கணக்குப் புத்தகத்துலயோ அது ரெண்டாம் தொகுதியில, 9, 10, 11ஆவது பாடமா வருது. அதாவது கணக்கு எடுத்த பிள்ளையே ஃபிசிக்ஸ் கிளாஸ்ல ஜூன், ஜூலையில பாக்குற குறியை கணக்கு கிளாஸ்ல காலாண்டு தாண்டித்தான் முறையா படிக்குது. கணக்கு எடுக்காத பிள்ளை எப்பவுமே முறையா படிக்கறதில்லை. புத்தகம் போட்டவங்க மேல எனக்கு கோவம் இல்லை, கால்குலஸ் இல்லாம அந்த ஃபிசிக்ஸை நேர்மையா சொல்ல முடியாது, அது நல்ல புத்தகம்தான். ஆனா அந்தச் சில பக்கத்துக்கு ஒரு வாரம்கூட ஒதுக்க முடியாம நாங்க எல்லாரும் ஓடுனோம். நானும் ஓடுனேன். போர்ஷன் முடிக்கணும், டெஸ்ட் வைக்கணும். முன் பெஞ்சுல நாலு பிள்ளை தலையாட்டும், பின்னாடி முப்பது பிள்ளை போர்டுல இருக்கறதை அப்படியே படம் வரைஞ்ச மாதிரி நோட்டுல எழுதும். அந்த முப்பது பேர் முகம் எனக்கு இப்பவும் ஞாபகம் வருது.

அதே பிள்ளைங்கதான் நீட் எழுதுது, அதுல 45 கேள்வி, 180 மார்க் ஃபிசிக்ஸ்தான். அதே பிள்ளைங்கதான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரியில சேர்ந்து அலைடு ஃபிசிக்ஸ்னு, அதாவது துணைப்பாடமா, போயி உக்காருது. அங்க வாத்தியார் ப்ளஸ் டூலயே படிச்சிருப்பீங்கல்லன்னு ஆரம்பிப்பாரு, பிள்ளை வாயைத் திறக்காது.

அதனால நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ப்ளஸ் ஒன் ஆரம்பிச்சதும் முதல் பத்து நாள் ஃபிசிக்ஸ் பீரியடை அப்படியே ட்ரிக்குக்கும் கால்குலஸுக்கும் குடுங்க. கணக்கு வாத்தியாரும் ஃபிசிக்ஸ் வாத்தியாரும் ஒண்ணா உக்காந்து பேசி வச்சுக்கிட்டா போதும். எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டா டூ எக்ஸ், சைனை வகையிட்டா காஸ், அடுக்குக்குறியை எப்படி வகையிடறது, அதையே திருப்பி எப்படி தொகையிடறது, இவ்வளவு போதும் ப்ளஸ் டூ ஃபிசிக்ஸை தைரியமா படிக்க. முழு கால்குலஸ் வேணாம். ரெண்டாவது, கலைக் கல்லூரிகள்ல அலைடு ஃபிசிக்ஸ் எடுக்குற, கணக்கு படிக்காத பிள்ளைகளுக்கு முதல் மாசம் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியா இதை நடத்துங்க. எங்களை மாதிரி ரிட்டையர் ஆனவங்க சும்மா வந்து நடத்தித் தர்றோம், கூப்பிட்டா போதும்.

உங்க பேப்பர்கிட்டயும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கல்விப் பக்கத்துல எந்தக் காலேஜ்னு போடுறப்ப, அந்தக் கோர்ஸுக்குள்ள போனா என்ன கணக்கு வேணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி சேத்துப் போடுங்க. அப்பா அம்மா அதைப் படிச்சுட்டு பிள்ளைகிட்ட கேப்பாக, பிள்ளையும் யோசிக்கும்.

என் பேத்தி, அந்தப் பையனோட தங்கச்சி, இந்த வருஷம் அங்க காலேஜ்ல சேர்றா. என்ன படிக்கப் போறேன்னு இன்னும் தெரியலை ஆயான்னு சொல்றா, தெரியாம இருக்கறதுல தப்பே இல்லை. கால்குலஸ் ஒண்ணை முதல் செமஸ்டர்ல போட்டிருக்கா, கால்குலஸ் ஃபிசிக்ஸை அடுத்த செமஸ்டருக்கு வச்சிருக்கா. பக்கத்துத் தெருவுல ஒரு புள்ளை, ப்யூர் சயின்ஸ் முடிச்சுட்டு இங்கயே கெமிஸ்ட்ரி சேர்ந்திருக்கு, அது தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு நோட்டோட எங்க வீட்டுத் திண்ணைக்கு வருது. நேத்து அப்பச்சியோட பேரேட்டைப் பரண்லேருந்து இறக்கி அது மடியில வச்சேன், ஓரத்துல இருந்த பெருக்கலை எல்லாம் அதுவே விரல் வச்சு கூட்டிப் பாத்துச்சு. இன்னைக்கு ஊருணிச் சுவரைப் போடப் போறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
காரைக்குடி.